தாமிரபரணிக் கரையிலே – 31: சாவுக்கு மெட்டுக் கட்டியவர்கள்

சென்ற இதழில் உ.வே.சாமிநாதையர் ஆழ்வார்திருநகரிக்கு ஏடு தேடி வந்த கதையைப் பார்த்தோம். பெருமாள் கருட வாகனத்தில் எழுந்தருளிய ஓர் இரவில், லட்சுமண கவிராயர் தம் மாமனார் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த சுவடியை நிலா வெளிச்சத்திலேயே பிரித்துப் பார்த்து, அது பத்துப்பாட்டு என்று கண்டு ஐயர் பூரித்துப்போனார். 1889இல் அந்நூல் அச்சேறியது. கவிராயர்கள் பரம்பரை பரம்பரையாக ஏடு காத்த ஊர் என்ற பெருமை ஆழ்வார்திருநகரிக்கு அதனால் நிலைத்தது.

இந்த இதழில் நாம் பார்க்கப்போவது பெரும்பாலோர் காத்து வைக்காத எழுத்தை. வைகாசி விசாகத்தை ஒட்டி நவதிருப்பதிப் பெருமாள்களும் ஒன்பது கருட வாகனங்களில் இங்கே கூடும்போது சுற்றுவட்டாரம் முழுவதும் திரண்டு வரும். 1923இல் திருநெல்வேலி – திருச்செந்தூர் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு கூட்டம் இன்னும் பெருத்தது. தமிழ்நாட்டில் இப்படிக் கூட்டம் கூடிய இடமெல்லாம், ரயில் நின்ற இடமெல்லாம், காலணா அரையணாவுக்குப் பாட்டுப் புத்தகம் விற்றார்கள். எட்டுப் பக்கம், மட்டமான தாள், பெரிய எழுத்து. விற்பவரே பாடிக் காட்டுவார். கொலை, ரயில் கவிழ்ந்தது, வெள்ளம், புயல், தீ என்று எது நடந்தாலும் சில நாளில் சிந்து வந்துவிடும். கொலைக்கென்றே தனி வகை உண்டு, கொலைச் சிந்து. நடந்த சாவை, செத்தவரின் உறவினர் உயிரோடு இருக்கும்போதே, கேட்பவர் ரசிக்கும்படி பாடி விற்ற அந்த வழக்கம் இந்தப் பள்ளத்தாக்கில் எங்கிருந்து எங்கே வந்து சேர்ந்தது என்பதே இந்த அத்தியாயம்.

சிந்துப் புத்தகத்துக்கு முன்பே நம் பக்கத்தில் சாவைப் பாடும் முறை ஒன்று இருந்தது. வில்லுப்பாட்டைத்தான் சொல்கிறேன். வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை என்று ஐந்தாறு பேர் உட்கார்ந்து, கோயில் கொடையில் இரவு முழுக்கப் பாடுவார்கள். பாடப்படும் சாமிகளில் ஒரு பகுதி கயிலாயத்தில் பிறந்தவை. இன்னொரு பகுதி மண்ணில் பிறந்து, வெட்டுப்பட்டும் அடிபட்டும் தற்கொலை செய்தும் அகாலமாகச் செத்த மனிதர்கள். வெட்டுப்பட்ட வாதை, இறந்துபட்ட வாதை என்று அவற்றுக்குப் பெயர். நள்ளிரவில், அந்தச் சாவு நடக்கும் இடத்தைப் பாட்டு எட்டும்போதுதான் சாமியாடிக்கு அருள் வரும்.

இந்த முறையில் பாடுகிறவருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. செத்தவரின் பீடம் எதிரே இருக்கிறது. கொடை கொடுப்பவர்கள் அவரைக் குலதெய்வமாகக் கும்பிடுகிறவர்கள். சில கோயில்களில் கொன்றவர் வழியில் வந்தவர்களும், பழிக்கு அஞ்சி, படையல் போடுவார்கள். பாட்டில் ஒரு பெயரை விட்டாலோ, சாவின் காரணத்தை மாற்றிச் சொன்னாலோ, அங்கேயே எழுந்து நின்று கேட்க ஆள் உண்டு. புலவர் தன் இஷ்டத்துக்குக் கதையை வளைக்க முடியாது.

அப்படிச் சொல்லிவிட்டால் முழு உண்மை ஆகாது. வளைக்கத்தான் செய்தார்கள். முத்துப்பட்டன் கதையே சாட்சி. பொதிகைமலை அடிவாரத்தில், பிராமணரான முத்துப்பட்டன் வாலப்பகடையின் மகள்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, அவர்களுக்காகப் பூணூலை அறுத்து, செருப்புத் தைத்து, மாமனாரின் மாடுகளைக் களவாட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தான். பெண்கள் இருவரும் தீப்பாய்ந்தார்கள். காரையாற்றில் சொரிமுத்து ஐயனார் கோயிலில் இன்றும் பட்டவராயனாகக் கும்பிடப்படும் முத்துப்பட்டனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்த நாங்குநேரிக்காரர் பேராசிரியர் நா. வானமாமலை, அதில் பின்னால் ஒட்டப்பட்ட ஒரு பகுதியைச் சுட்டிக்காட்டினார். பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் சக்கிலியர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர், உயர்ந்த குலத்தில் பிறந்து காட்டில் விடப்பட்டு வாலப்பகடை எடுத்து வளர்த்தவர்கள் என்று கதை மாறியது. கேட்கும் மேல்சாதியார் மனம் நோகக் கூடாது என்று செத்துப்போன இரண்டு பெண்களின் பிறப்பையே மாற்றினார்கள். அந்த மூவரும் எதற்காகச் செத்தார்களோ அந்தக் காரணமே இந்த ஒரு திருத்தத்தில் கரைந்துபோகிறது. ரசிகர் கேட்க விரும்புவதற்காகச் செத்தவரைத் திருத்தி எழுதும் வேலை, அச்சும் சினிமாவும் வருவதற்கு முன்பே நம் ஊரில் நடந்திருக்கிறது.

ஆனாலும் வில்லுப்பாட்டில் அது விதிவிலக்கு. சிந்துப் புத்தகத்தில் அதுவே தொழில். சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் அச்சாகி ரயிலேறி வரும் புத்தகத்துக்குப் பீடமும் இல்லை, கேள்வி கேட்க உறவினரும் இல்லை. அட்டையில் பாடியவர் பெயர் இருக்கும், பதிப்பித்தவர் பெயர் இருக்கும், விலை இருக்கும். உள்ளே ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே எந்த நாடகப் பாட்டின் மெட்டு, பின்னாளில் எந்தச் சினிமாப் பாட்டின் மெட்டு என்று போட்டிருக்கும். ஊரெல்லாம் முணுமுணுக்கும் காதல் பாட்டின் மெட்டில் ஒருவர் கழுத்து அறுபட்டதைப் பாடுவார்கள். முடிவில், பெண்கள் இப்படி நடக்கக் கூடாது என்று ஒரு புத்திமதி. செத்தவர் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் பழி பெரும்பாலும் பெண் மேல்தான்.

1952 ஆகஸ்டில் சென்னையில் பேனா வியாபாரி ஆளவந்தார் கொல்லப்பட்டார். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. உடல் ஒரு பெட்டிக்குள் வைக்கப்பட்டு, தெற்கே வரும் ரயிலில் மானாமதுரை வரை வந்துவிட்டது. ரயில் பெட்டிக்குள் தலையில்லாத உடல் என்பது சிந்து பாடுகிறவர்களுக்கு வேறெதுவும் தேவையில்லாத விஷயம். வழக்கில் தண்டனை பெற்றவர்கள் பிரபாகர மேனனும் அவர் மனைவி தேவகியும். பல ஆண்டுகள் கழித்தும் நாவலாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் அந்தக் கொலை திரும்பத் திரும்ப வருகிறது. ஆளவந்தாருக்கும் ஒரு குடும்பம் இருந்தது என்ற நினைப்பு அவற்றில் எத்தனையில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

இந்தப் புத்தகங்களை வெறும் குப்பை என்று நான் ஒதுக்கவில்லை. ஆ.இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' நூலில் காட்டியதுபோல, படித்தவர் எழுத்தில் இடம் கிடைக்காத சாமானியரின் பயமும் ஆசையும் கோபமும் இவற்றில்தான் பதிவாகியிருக்கின்றன. சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இவற்றைச் சேர்த்து வைத்திருக்காவிட்டால் நமக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. வரலாற்று ஆசிரியனுக்கு அவை பொக்கிஷம். ஆனால் செத்தவரின் தாய் அதே ரயிலில் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், பாடியவர் பாட்டை நிறுத்தியிருப்பாரா என்ற கேள்வியை அந்தப் பொக்கிஷம் தீர்த்துவைக்காது.

பாட்டுப் புத்தகம் கூட வேண்டாம், ஒரு வரி போதும் என்பதற்கு நம் மாவட்டத்தோடு ஒட்டிய ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1956 நவம்பர் 23 விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்துகொண்டிருந்த எக்ஸ்பிரஸ், அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. அடைமழை. பாலம் வெள்ளத்தில் அரித்துப் போயிருந்தது. எஞ்சினும் முன்பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இருந்த ஊர். அந்த ரயிலின் கடைசி நிலையம். தெற்கே தங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பெட்டிகளில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகரில் நூறு பேருக்கு மேல் இறந்த விபத்தின்போதே பதவி விலக முன்வந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, இந்த முறை விலகியே விட்டார். துணை அமைச்சர் ஓ.வி. அளகேசன்.

அடுத்த ஆண்டு பொதுத்தேர்தல். திராவிட முன்னேற்றக் கழகம் அரியலூரையும் அளகேசன் பெயரையும் சேர்த்து, ஆண்டதையும் மாண்டதையும் எதுகையாக வைத்து ஒரு முழக்கம் எழுப்பியது. அமைச்சரைப் பொறுப்புக் கேட்பது எதிர்க்கட்சியின் கடமை, அதில் தவறு காண முடியாது. என் மனத்தில் உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. அந்த எதுகையை இன்றும் மேடைத் தமிழின் சாதுரியத்துக்கு உதாரணமாகச் சொல்லிக் கை தட்டுகிறார்கள். சொல்கிறவர்களை, எத்தனை பேர் இறந்தார்கள், எந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. அரியலூரில் செத்தவர்கள் ஓர் எதுகைக்குள் அடங்கிப்போனார்கள். அவர்களில் ஒருவர் பெயரைக்கூட நம் பள்ளத்தாக்கில் பொதுவில் சொல்லக் கேட்டதில்லை.

ரசிகர்கள் என்று நாம் இன்று சொல்கிற கூட்டம் இதில் எப்போது நுழைந்தது? 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்டது. அது ஓடிக்கொண்டிருந்தபோதே, நவம்பர் 8 அன்று வேப்பேரியில் 'இந்துநேசன்' பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள், ஆயுள் தண்டனை பெற்றார்கள், மேல்முறையீட்டில் வென்று 1947இல் வெளியே வந்தார்கள். நாகர்கோவில் வில்லுப்பாட்டுச் சூழலில் வளர்ந்து, அந்தக் கலையைச் சினிமாவுக்கும் மேடைக்கும் எடுத்துச் சென்ற கிருஷ்ணன் இப்படி ஒரு கொலைக் கதையின் பாத்திரமாக நேர்ந்தது. நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ரசிகர்கள் சொல்லி வந்த கதையில் இழப்பு பாகவதருடையது மட்டும்தான். கொல்லப்பட்டவர் மஞ்சள் பத்திரிகைக்காரர் என்ற ஒரே அடைமொழியோடு ஒதுங்கிவிடுகிறார். அவரைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை என்பதைப் பற்றி அந்தக் கதைக்குக் கவலையும் இல்லை.

இதைவிடக் கடுமையான நிகழ்ச்சி நம் வாசலிலேயே நடந்தது. 1911 ஜூன் 17 காலை, மணியாச்சி சந்திப்பில் நின்றிருந்த ரயில் பெட்டியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்க மனைவி மேரியோடு ஆஷ் புறப்பட்டிருந்தார். மேரி அதே பெட்டியில் இருந்தார். வாஞ்சி நிலையக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையே சுட்டுக்கொண்டார். செங்கோட்டையில் அவர் மனைவி பொன்னம்மாள் இளம் வயதில் தனியானார். சட்டைப் பையில் இருந்த கடிதத்தில் வாஞ்சி தன் காரணத்தைத் தானே எழுதி வைத்திருந்தார்: நாட்டைப் பிடித்த அந்நியன் மேல் வெறுப்பு, சனாதன தர்மம் அழிகிறது என்ற கோபம், ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு.

இதற்குப் பின் இரண்டு பக்கமும் கதை கட்டினார்கள். வாஞ்சியைக் கொண்டாடுகிறவர்கள் கடிதத்தில் தங்களுக்கு இசையாத வரிகளை விட்டுவிட்டார்கள். எதிர்ப்பக்கத்தில், பிரசவ வேதனையில் இருந்த தாழ்த்தப்பட்ட பெண்ணை ஆஷ் தன் வண்டியில் ஏற்றி அக்ரகாரத் தெரு வழியாகக் கொண்டுபோனார், அதற்குப் பழி வாங்கவே இந்தக் கொலை என்று ஒரு கதை பரவி, இன்று செல்பேசி செல்பேசியாகப் போய்க்கொண்டிருக்கிறது. கொலை வழக்கின் ஆவணங்களில் அதற்கு ஆதாரம் இல்லை. அக்ரகாரத் தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடக்க முடியாமல் இருந்தது மறுக்கவே முடியாத கொடுமை. அந்தக் கொடுமைக்கு ஆயிரம் உண்மைச் சான்றுகள் இருக்கும்போது, பெயரும் ஊரும் இல்லாத ஒரு பெண்ணைப் படைத்து அவள் வேதனையை இன்னொரு சண்டைக்கு ஆயுதமாக்குவது அந்தக் கொடுமையை அனுபவித்தவர்களுக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

இதே கணக்கில், 1908 மார்ச் 13ஐ நினைத்துப் பாருங்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதைக் கேட்டுத் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் கதை கட்டவில்லை. அவர்களை நாயகனாக்கி ரசிக்க ஆள் இல்லை.

இது தமிழருக்கு மட்டும் உரிய குறையா என்றால் இல்லை. 2010 ஜனவரியில் ஹைட்டி நாட்டில் நிலநடுக்கம் வந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அரையாண்டு கூட ஆகவில்லை. 'சூப்பர்நேச்சுரல்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் இரு நடிகர்களைக் காதலர்களாக வைத்து ரசிகர் ஒருவர் நீண்ட கதை எழுதினார். களம், இடிந்து கிடக்கும் ஹைட்டி. பிணங்களும் இடிபாடும் இரு நாயகர்களின் காதலுக்குத் திரைச்சீலை. ஹைட்டி மக்கள் வந்த இடங்களில் காட்டுமிராண்டிகளாகவும் இரக்கத்துக்குரியவர்களாகவும் வந்தார்கள். எதிர்ப்பு எழுந்தது ரசிகர்களிடமிருந்துதான். எழுதியவர் மன்னிப்புக் கேட்டார். ஆளவந்தார் பெட்டிக்குச் சினிமா மெட்டுப் போட்டவருக்கும் இவருக்கும் நடுவில் கடல்கள் இருக்கின்றன, செய்த காரியத்தில் வித்தியாசம் இல்லை. தனக்குப் பிடித்ததை முன்னால் நிறுத்தி, பிறர் சாவைப் பின்னால் தொங்கவிட்டார்கள். ஆனால் ஹைட்டிக் கதையில் ரசிகர் கூட்டத்துக்குள்ளிருந்தே நிறுத்து என்ற குரல் வந்தது. அதை நாம் கவனிக்க வேண்டும்.

நம்மிடம் அப்படி வந்ததா? 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீஸார் நுழைந்து வீடு வீடாக அடித்து நொறுக்கினார்கள். தேவேந்திரகுல வேளாளர் ஊர். வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய டிவி, தையல் மெஷின், சான்றிதழ்கள், தானியம், நகை, எதுவும் தப்பவில்லை. 2021இல் மாரி செல்வராஜின் 'கர்ணன்' வந்தபோது அந்த நிகழ்ச்சியின் சாயல் அதில் எல்லோருக்கும் தெரிந்தது. படம் காலத்தை 1997 என்று காட்டியது. 1995இல் நடந்தது அ.தி.மு.க. ஆட்சி, 1997 என்றால் பழி தி.மு.க. மேல் விழுகிறது என்று உதயநிதி ஸ்டாலின் சுட்டிக்காட்ட, ஆண்டை எடுத்துவிட்டுத் தொண்ணூறுகளின் பிற்பகுதி என்று போட்டார்கள். ஆண்டு சரியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வரலாறு எழுதுகிறவன் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த வாரங்கள் முழுக்க நடிகரின் ரசிகர்களும் கட்சிக்காரர்களும் எந்த ஆட்சி என்று மோதிக்கொண்டதில், அன்று அடிபட்டவர்களுக்கு என்ன நீதி கிடைத்தது என்ற கேள்வி கொடியங்குளத்தோடேயே தங்கிவிட்டது.

அதே இயக்குநர், ஆழ்வார்திருநகரிக்கு எட்டிய தூரத்தில் இருக்கும் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்துப் புளியங்குளத்துக்காரர், 2024இல் 'வாழை' எடுத்தார். வாழைத்தார் சுமக்கப் போன கூலிகள் லாரி கவிழ்ந்து செத்த கதை. அவருடைய சிறு வயதில், அவர் ஊராருக்கு நேர்ந்தது. தாமிரபரணிப் பாசனத்தில் வாழை எப்படி விளைகிறது என்று இந்தத் தொடரிலேயே எழுதியிருக்கிறோம், யார் கழுத்தில் அது சுமையாக ஏறுகிறது என்று அந்தப் படம் எழுதியது. அதில் செத்தவர்களுக்குச் சாவுக்கு முன்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது. கூலிக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டவர்கள், பள்ளிக்கூடம் போனவர்கள், ஒருவரை ஒருவர் கேலி செய்தவர்கள். படம் பார்த்தவர்கள் அழுதார்கள் என்பது பெரிதில்லை, சிந்துப் புத்தகமும் அழவைத்ததுதான். செத்தவர்களைத் தெரிந்த ஒருவர், அவர்கள் வீட்டாரின் கண்ணெதிரே நின்று சொல்ல வேண்டிய நிலையில் சொன்னார் என்பதுதான் பெரிது. கொடையில் பீடத்துக்கு எதிரே உட்கார்ந்து பாடிய புலவரின் நிலை அது. நடந்த சாவைக் கதையாக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, இப்படிச் செய்யுங்கள் என்று சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவில் மழை. ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி எல்லாம் தண்ணீருக்குள். ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சுமார் 800 பேரோடு சிக்கி நின்ற செந்தூர் எக்ஸ்பிரஸையும், புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து பொங்கிப் போட்டதையும் நாடே பேசியது. பேச வேண்டியதுதான். அதை வைத்துப் படமோ தொடரோ வரும்; நாயகன் வருவான், காதல் வரும். அதே வெள்ளத்தில் வீட்டுச் சுவர் விழுந்தும் தண்ணீர் இழுத்தும் செத்தவர்களை யார் எழுதுவார்?

கதை எழுதும் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நம் ஊரில் நடந்த சாவை எழுதப்போகிறீர்கள் என்றால், முதலில் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். ஊரையும் ஆண்டையும் மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் உண்மை நிகழ்ச்சியின் சாயலே இல்லாமல் மாற்றிவிடுங்கள். வாசகர்களிடம் இன்னொன்று. உங்கள் வீட்டுப் பரணில் பழைய சிந்துப் புத்தகம் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள், எங்களுக்கு எழுதுங்கள். 1956 அரியலூர் விபத்தில் இறந்தவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், வீட்டார் சம்மதத்தோடு அவர் பெயர், வயது, தொழில், எதற்காகச் சென்னை போயிருந்தார் என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். இந்தத் தொடர் நூலாகும்போது அந்தப் பட்டியல் முதல் பக்கத்தில் வரும்.

அடுத்த இதழில், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு.